அனுப்பியவர் பெயரைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள்: எரித மின்னஞ்சல்களின் மூலத்தைக் கண்டறிவதும் புகார் செய்வதும்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் வேலை என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. கத்தாரில் ஓட்டுநர் வேலை, விசா தயார், மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று இன்னொன்று வருகிறது. ரமளான் நெருங்கிவிட்டால் ஏதோ ஒரு நாட்டில் மரணப் படுக்கையில் கிடக்கும் பணக்கார விதவை ஒருவர் ஸலாம் சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார். தன் செல்வம் முழுவதையும் ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க உங்களைத்தான் நம்பியிருப்பதாகச் சொல்வார். மீஞ்சூரிலும் பழவேற்காடு ஏரிக் கரையோர ஊர்களிலும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது செல்போனை நீட்டி, "ஹஜ்ரத், இது உண்மைதானான்னு கொஞ்சம் பாருங்க" என்று கேட்கும் இளைஞர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள். கேட்காமலேயே பணம் கட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இப்படிக் கேட்காமல் வந்து குவியும் மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில் 'ஸ்பேம்' என்பார்கள். தமிழில் 'எரிதம்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. 1978 மே மாதம் அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் கணினி நிறுவன விற்பனையாளர் ஒருவர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் எரிதமாகப் பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அனுப்பியவர் தன் சொந்தப் பெயரிலேயே அனுப்பினார். இன்று வருபவற்றில் பெரும் சிக்கலே அந்தப் பெயர்தான்.

பணத்துக்காக விரிக்கப்படும் வலை ஒரு வகை. அதைவிடக் கொடியது இன்னொரு வகை. ஒருவருடைய பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, அவர் எழுதியதுபோலவே அவதூறையும் ஆபாசத்தையும் பலருக்கு அனுப்புவது. அதைப் பெற்றவர்கள் மேலே உள்ள பெயரைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நிக்காஹ் பேச்சு நின்றுபோகிறது, உறவு முறிகிறது, மஹல்லாவில் குழப்பம் மூளுகிறது. இந்த இரண்டாவது வகைக்குத் தமிழ்நாட்டிலேயே நன்கு பதிவான ஒரு வழக்கு இருப்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

எழும்பூர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு

2004 பிப்ரவரியில் ஒரு பெண் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். அவர் விவாகரத்தானவர். யாஹூ செய்திக் குழு ஒன்றில் அவரைப் பற்றி மிக ஆபாசமான செய்திகள் இடப்பட்டிருந்தன. அவர் பெயரிலேயே யாரோ மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கணக்கு வழியாக மின்னஞ்சல்கள் அவருக்கும் வந்தன. செய்திகளைப் படித்துவிட்டு அவரைத் தவறான பெண் என்று நினைத்த அந்நிய ஆண்கள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும்?

சென்னை சைபர் கிரைம் பிரிவு மின்னஞ்சல்களின் தடத்தைப் பின்பற்றி மும்பைக்குச் சென்று சில நாட்களிலேயே ஒருவரைக் கைது செய்தது. அவர் அந்தப் பெண்ணின் குடும்ப நண்பர். அவரைத் திருமணம் செய்ய விரும்பியவர். பெண் வேறொருவரை மணந்து, பிறகு விவாகரத்து ஆனதும் மீண்டும் கேட்டார், மறுக்கப்பட்டார். 24.3.2004 அன்று குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர் 5.11.2004 அன்று அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தார். நற்பெயரைக் கெடுக்கும் நோக்கில் போலி ஆவணம் உருவாக்கியதற்காக (இந்திய தண்டனைச் சட்டம் 469) 2 ஆண்டு கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும், பெண்ணின் கண்ணியத்தை அவமதித்ததற்காக (509) 1 ஆண்டு சாதாரணச் சிறையும் 500 ரூபாய் அபராதமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவில் 2 ஆண்டு கடுங்காவலும் 4,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனைகளை ஒரே நேரத்தில் அனுபவிக்க உத்தரவு. சட்டப் புத்தகங்களில் இது 'தமிழ்நாடு அரசு எதிர் சுஹாஸ் கட்டி' என்ற பெயரில் இடம்பெறுகிறது. இணையவழி ஆபாசத்துக்கான 67வது பிரிவில் நாட்டிலேயே முதலில் கிடைத்த தண்டனைகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது எதிர்த் தரப்பு வைத்த வாதம். அந்தச் செய்திகளைப் பெண்ணின் முன்னாள் கணவர் அனுப்பியிருக்கலாம் என்றார்கள். அதோடு நிற்கவில்லை, எதிரியைச் சிக்கவைக்க அந்தப் பெண்ணே அனுப்பியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். கணக்கு அவர் பெயரில்தானே இருந்தது! பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகியிருப்பார், அல்லது எதுவும் அறியாத முன்னாள் கணவர் சிறைக்குப் போயிருப்பார். அவர்களைக் காப்பாற்றியவை தொழில்நுட்ப வல்லுநரின் சாட்சியமும், மற்ற ஆவணங்களும், அந்தக் கணினிகள் இருந்த இணைய மையங்களின் உரிமையாளர்கள் நேரில் வந்து சொன்ன சாட்சியமும்தான். இயந்திரத் தடம் இணைய மையத்தின் வாசல் வரைதான் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார் என்பதைச் சொல்ல மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

உறையின் மேல் உள்ள பெயரும் தபால் முத்திரையும்

மின்னஞ்சல் அனுப்பும் அடிப்படை முறை 1982ல் வகுக்கப்பட்டது. அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும். அனுப்புநர் இன்னார்தான் என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம், தபால்காரர் கேட்கப் போவதில்லை. மின்னஞ்சலின் 'ஃப்ரம்' வரியும் அப்படித்தான்.

ஆனால் தபால் நிலையம் குத்தும் முத்திரையை அனுப்புநர் எழுத முடியாது. மின்னஞ்சலிலும் அதுபோன்ற முத்திரைகள் உண்டு. கடிதம் எந்தெந்தக் கணினிகளைக் கடந்து வருகிறதோ, அவை ஒவ்வொன்றும் 'ரிசீவ்ட்' என்ற ஒரு வரியை மேலே சேர்க்கும். 'இன்ன இயந்திரத்திடமிருந்து இன்ன இயந்திரமாகிய நான் இன்ன நேரத்தில் பெற்றேன்' என்பது அதன் பொருள். சாதாரணமாக இவை நம் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருக்கும். இந்த மறைந்த பகுதியைத்தான் 'ஹெடர்' என்கிறோம், தமிழில் தலைப்பகுதி.

ஜிமெயிலில் இதைப் பார்க்கச் செல்போன் செயலி உதவாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். யாஹூவில் அதே மூன்று புள்ளிகளில் 'வியூ ரா மெசேஜ்'. அவுட்லுக் இணையப் பதிப்பில் 'வியூ மெசேஜ் சோர்ஸ்'. கணினி இல்லாதவர்கள் செல்போனின் க்ரோம் உலாவியில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்வு செய்து முயலலாம், கொஞ்சம் சிரமம்தான்.

ரிசீவ்ட் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே இருப்பது பயணத்தின் தொடக்கம், மேலே இருப்பது உங்கள் பெட்டி. ஒவ்வொரு வரியிலும் 'ஃப்ரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர், அனுப்பிய இயந்திரம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. அதில் பொய் இருக்கலாம். அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் 203.0.113.25 என்பதுபோல் (இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண், தேட வேண்டாம்) ஓர் எண் இருக்கும். அது பெற்றுக்கொண்ட இயந்திரம் தானே பார்த்துப் பதிந்தது. அதுதான் ஐ.பி. முகவரி. நமக்கு வேண்டியது அந்த எண்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய கலை அல்ல. ஹதீஸ் ஒன்றை எடுத்தால் செய்தி வேறு, அதைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடர் வேறு. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் 'யாரிடமிருந்து யார் கேட்டார்' என்ற தொடரைப் பார்க்காமல் உலமாக்கள் ஏற்பதில்லை. இருவர் சந்தித்திருக்க வாய்ப்பே இல்லை என்றால் தொடர் முறிந்தது, 'முன்கதிஃ'. மின்னஞ்சல் தலைப்பகுதியிலும் இதே சோதனைதான். மேல் வரியில் 'இவரிடமிருந்து பெற்றேன்' என்று சொல்லப்படும் இயந்திரமும், அதற்குக் கீழ் வரியில் 'நான் பெற்றேன்' என்று சொல்லும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த இடத்திற்குக் கீழே உள்ளவை மோசடிக்காரன் தானே தட்டச்சு செய்து ஒட்டியவையாக இருக்கக்கூடும். அவன் கீழ் வரிகளைப் பொய்யாகச் சேர்க்க முடியும், உங்கள் மின்னஞ்சல் நிறுவனம் சேர்க்கும் மேல் வரிகளைத் தொட முடியாது. ஆகவே நம்பகமான மேல் வரியிலிருந்து கீழே இறங்கி, தொடர் முறியும் இடம் வரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவும் இருக்கும். முதலாவது, இந்த இணையப் பெயருக்காக அனுப்ப அனுமதி பெற்ற இயந்திரத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கிறது. இரண்டாவது, வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான மின்முத்திரை. மூன்றாவது, அவை நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு பொருந்துகின்றனவா என்பது. வங்கியின் பெயரில் வந்த கடிதத்தில் இவை 'ஃபெயில்' என்று இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 'பாஸ்' என்று இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். வங்கியின் பெயரைப் போலவே ஓர் எழுத்து மாற்றி இணையப் பெயர் வாங்கியவனுக்கும் மூன்றிலும் 'பாஸ்' கிடைக்கும். இன்னார் வீட்டிலிருந்து வந்தது என்பதைத்தான் அது சொல்கிறதே தவிர, அந்த வீட்டுக்காரர் யோக்கியர் என்று சொல்லவில்லை.

எண்ணிலிருந்து ஆளுக்குப் போவது

ஐ.பி. எண் கிடைத்ததும் 'ஹூ இஸ்' என்ற தேடலில் இட்டால் அந்த எண் எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பது தெரியும். உலகை ஐந்து பதிவகங்கள் பிரித்துக்கொண்டுள்ளன. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்நிக், இந்தியாவுக்குள் அதன் கீழ் ஐ.ஆர்.ஐ.என்.என். பெரும்பாலான பதிவுகளில் 'அப்யூஸ்' என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். துஷ்பிரயோகப் புகார்களைப் பெறுவதற்கென்றே அது இருக்கிறது.

இங்கே ஒரு கட்டாய எச்சரிக்கை. அந்த எண் ஒரு நிறுவனத்தை மட்டுமே காட்டும், ஒரு வீட்டைக் காட்டாது. ஜிமெயில் வலைத்தளத்திலிருந்து ஒருவர் எழுதினால் நமக்குத் தெரிவது கூகுளின் எண்தான், எழுதியவருடைய எண் கூகுளிடம் இருக்கும், காவல்துறை சட்டப்படி கேட்டால்தான் வெளியே வரும். செல்போன் நிறுவனங்களோ ஒரே பொது எண்ணை ஒரே நேரத்தில் ஏராளமான சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஐ.பி. எண்ணை இட்டால் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் தளங்களை நம்பி எவர் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது.

அப்படித் தட்டப்பட்ட ஒரு வீடு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐ.பி. எண்களுக்கு இருப்பிடம் தரும் பட்டியலை விற்கிறது. 'அமெரிக்கா' என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத எண்களுக்கு நாட்டின் நடுப்புள்ளியை அது கொடுத்துவைத்தது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான எண்கள் அந்த வீட்டைக் காட்டின. எரிதம் அனுப்பியவனையும் திருடனையும் தேடிக்கொண்டு காவலர்களும் கோபம் கொண்ட பொதுமக்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். 2016ல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் குடியிருந்தவர்களுக்கே விஷயம் தெரிந்தது. நிறுவனம் அந்தப் புள்ளியைப் பிறகு ஒரு நீர்நிலையின் நடுவில் கொண்டுபோய் வைத்தது. நம் பழவேற்காடு ஏரி நடுவில் வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் யார் யாரைக் கேட்பது?

இன்னொன்று. நீங்கள் அனுப்பாத கடிதங்கள் 'சேரவில்லை' என்று உங்களுக்கே திரும்பி வரத் தொடங்கினால் பதற வேண்டாம். யாரோ உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டிருக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கணக்கில் வேறு கருவிகள் நுழைந்துள்ளனவா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் உங்கள் கணக்கு திருடப்படவில்லை, பெயர் மட்டுமே திருடப்பட்டிருக்கிறது.

புகார் யாருக்கு, எதற்கு

வெறும் விளம்பரத் தொல்லை என்றால் ஸ்பேம் பொத்தானை அழுத்துவதே போதுமான புகார். தெரிந்த கடை, தெரிந்த நிறுவனம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' செய்யலாம். தெரியாதவனுடைய கடிதத்தில் அதை அழுத்தினால் 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகும். திட்டிப் பதில் எழுதுவதும் அப்படியே.

சில வாசகர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்: வெறுமனே கேட்காத விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதை மட்டும் குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளும் 1909 எண்ணும் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், அனுப்பிய இடத்தை மறைத்து மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை தருவதும் அடங்கியிருந்தது. பேச்சுரிமையை நெரிக்கிறது என்று அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 24.3.2015 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. ஃபேஸ்புக்கில் ஒரு வரி எழுதியதற்காகக் கைது செய்யும் அளவுக்கு அது போயிருந்ததால் ரத்தானது நல்லதுதான். ஆனால் ஒரு சிறு பயனும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

ஏமாற்றும் ஆள்மாறாட்டமும் இருந்தால் நிலைமை வேறு. பிறர் கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற அடையாளங்களைத் திருடிப் பயன்படுத்தினால் 66சி, கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். எழும்பூர் வழக்கில் பயன்பட்ட பழைய 469, 509 பிரிவுகள் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 336(4), 79 என்ற எண்களில் உள்ளன. அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தாலும் குறிவைக்கப்பட்ட கணினி இந்தியாவில் இருந்தால் சட்டம் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து ஆளைக் கொண்டுவருவது எளிதல்ல என்பது வேறு விஷயம்.

பணம் போய்விட்டது என்றால் தலைப்பகுதி ஆராய்ச்சி எல்லாம் பிறகு. முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அடுத்து உங்கள் வங்கியை. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க முடியுமா என்பது நிமிடக் கணக்கில் இருக்கிறது. 'மானம் போய்விடுமே, வாப்பாவுக்குத் தெரிந்துவிடுமே' என்று இரண்டு நாள் மறைத்துவைப்பவர்கள்தான் முழுப் பணத்தையும் இழக்கிறார்கள்.

பணம் போகாத மோசடி, அவதூறு, மிரட்டல் ஆகியவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் தளம் இருக்கிறது, 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்'. பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அதில் தெரிவிக்கலாம். நேரில் செல்ல விரும்பினால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். போலி வங்கித் தளங்களுக்கு அழைத்துச் செல்லும் கடிதங்களை 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் அனுப்பலாம். வளைகுடா வேலை என்றால் பணம் கட்டுவதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அப்யூஸ் முகவரிக்கு எழுதும்போது நீண்ட கதை வேண்டாம். 'இந்த நேரத்தில், இந்த ஐ.பி. எண்ணிலிருந்து இந்த மோசடிக் கடிதம் வந்தது' என்று இரண்டு வரி, அதன் கீழே முழுத் தலைப்பகுதி. தலைப்பகுதி இல்லாத புகாரை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. பல நிறுவனங்கள் பதில் எழுதாது, ஆனாலும் புகார்கள் சேர்ந்தால் அந்தக் கணக்கை முடக்குகின்றன.

ஆதாரத்தை எப்படி வைத்திருப்பது

அவதூறுக் கடிதம் வந்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது அழிப்பது. 'இந்த அசிங்கம் வீட்டில் இருக்க வேண்டாம்' என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அழித்தால் அனுப்பியவனுக்குத்தான் லாபம். அடுத்து செய்வது பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய்வது. அதில் இரண்டு கேடு: அவதூறு பரவுகிறது, மூலக் கடிதத்தின் தலைப்பகுதி போய் உங்கள் தலைப்பகுதி ஏறிக்கொள்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது படம்தான், அதில் முத்திரைகள் இருக்காது. 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் 'டவுன்லோடு ஒரிஜினல்' என்று இருக்கும். அதை அழுத்திக் கோப்பாகச் சேமியுங்கள். மூலக் கடிதம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

நேரத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. தலைப்பகுதியில் 10:15 என்று இருந்து பக்கத்தில் -0700 என்று இருந்தால் நம் நேரப்படி அது இரவு 10:45. ஒரு பொது எண்ணைப் பலர் பகிரும்போது நேரம் சில நிமிடம் தவறினாலும் நிறுவனம் வேறொருவர் பெயரைக் காட்டிவிடும். நீங்களாக மாற்றி எழுதாமல், அதில் உள்ளபடியே நேரத்தையும் அந்தக் குறியையும் சேர்த்துக் கொடுங்கள்.

எழும்பூர் வழக்கில் மின்னணு ஆவணங்கள் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி செல்லாது என்றும் எதிர்த் தரப்பு வாதிட்டது. அந்தப் பிரிவு இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63வது பிரிவாக உள்ளது. மின்னணுப் பதிவின் நகலோடு அதற்குரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். சான்றிதழை எப்படித் தயாரிப்பது என்பதை விசாரணை அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளலாம். கடிதம் வந்த செல்போனையோ கணினியையோ வழக்கு முடியும் வரை விற்காமலும் ஃபார்மட் செய்யாமலும் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

தாமதமும் ஆதாரத்தை அழிக்கும். செர்ட்-இன் 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்கும் கட்டாயம் அந்த உத்தரவில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இரு குடும்பமும் சமாதானமாகிவிடுமா என்று பார்த்து, பெருநாளும் கழித்து ஆறேழு மாதம் தள்ளிப் புகார் கொடுக்கப் போனால் அந்த ஐ.பி. எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்லும் பதிவு அழிந்துபோயிருக்கக்கூடும். ஜமாஅத் பேசட்டும், அதே வாரத்தில் புகாரும் பதிவாகட்டும். இணையத்தில் பதிந்தால் ஓர் ஒப்புகை எண் வரும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அதே தளத்தில் புகாரின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம், காவல் நிலையத்துக்குப் போகும்போதும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.